கதவில்லாத வீட்டில் குடியிருந்தவள்

அத்தியாயம் 9

வரித்துறை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் பொதுமக்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சு, பொதுமக்கள் உட்காரக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு செய்யப்பட்டது. அதில் ஒரு மணி நேரமாக நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.

இடது ஓரத்தில் டேப்பு மேடம். இருபத்தாறு வருடம் ஒரு வங்கிக்காக வீடுகளை அளந்து விலை மதிப்பிட்டவர். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களை அளக்கிறார். துப்பறிகிறவர் என்றாலும் கைப்பையில் துப்பாக்கி கிடையாது, ஐந்து மீட்டர் எஃகு டேப்புதான். வலது ஓரத்தில் நான். ஒரு காலத்தில் வீட்டுத் தரகன், இப்போது மேடத்தின் உதவியாளன். தொழிலை விட்டால் பேரும் விட்டுவிடும் என்று நினைத்தேன். மேடம் இன்னும் என்னை 'புரோக்கர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

நடுவில் எங்கள் கட்சிக்காரர் சிஸ்டர். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார்.

முதல் முறையாக வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் வரியில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கிறது. ஆயுளில் ஒரே தடவை. அதை நம்பி சிஸ்டர் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு விண்ணப்பம் போட்டார். பதில் வந்தது. 'தாங்கள் ஏற்கெனவே புதுக்குடியிருப்பில் ஏழாம் எண் வீட்டை வாங்கி, சலுகையும் பெற்று, அதில் குடியிருந்தும் வருவதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

சிஸ்டர் அந்தத் தெருவையே பார்த்ததில்லை. அவர் குடியிருப்பது ஒரே அறையில், மகளோடும் மாமியாரோடும். இன்று மாலை நான்கு மணிக்குள் சலுகைக்கான முத்திரை விழாவிட்டால் முன்பணம் போச்சு, வீடும் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

"எனக்கு மாளிகை எல்லாம் வேணாம்ங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து பகல்ல தூங்கணும். ஒரு பக்கம் மாமியார் ரேடியோ, ஒரு பக்கம் மக சத்தம் போட்டுப் படிப்பா. எனக்கு ஒரு கதவு வேணும். சாத்தினா சாத்தின மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்."

உள்ளே இருந்த அதிகாரி ஒரு வழியாக எங்களை அழைத்தார். பேனா மூடியால் காது குடைந்துகொண்டே கோப்பைத் திறந்து, 'குடியிருப்புச் சான்று' என்று ஒட்டியிருந்த மூன்று புகைப்படங்களைத் திருப்பிக் காட்டினார். கூடம், சமையலறை, படுக்கையறை. வீட்டை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சிஸ்டருக்கு ஒரு பாராட்டு வேறு. இது என் வீடு இல்லை என்று சிஸ்டர் சொன்னதை, கிறுக்குப் பிடித்த நோயாளியைக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நிரூபித்தால் மாற்றலாம், ஆனால் இன்றே நிரூபிக்க வேண்டும் என்றார். ஏனென்றால் இந்தச் சலுகை தொடர வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு மதியம் மூன்று மணிக்குக் கீழே கூடுகிறது. நிறுத்துவதென்று முடிவானால் பழைய கோப்புகளை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் எதையும் திறக்க முடியாது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேலை குறையும் அல்லவா?

மேடம் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையறைப் படத்தை மட்டும் இரண்டு தடவை தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "புரோக்கர், இந்த ரூம்ல என்ன இல்ல?"

"மனுஷங்க மேடம்."

"அது தெரியுது. வேற?"

மறுபடி பார்த்தேன். கட்டில் இருந்தது, விரிப்பு இருந்தது. வெளியே வந்தோம்.

தாழ்வாரத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்றிருந்தார்கள். ஒருவர் கட்டட முதலாளி. சலுகை தொடர வேண்டும் என்று குழுவில் பேச வந்தவர். சிஸ்டருக்கு வீடு விற்பவரும் இவர்தான், அந்த ஏழாம் எண் வீட்டைக் கட்டியவரும் இவர்தான். ஏழைக்கு ஒரு கூரை என்று பேச ஆரம்பித்தால் கண் கலங்கிவிடும். சலுகையை அறிவித்த அன்று சாயங்காலமே மனைப் பகுதிக்குப் போய், விலைப் பலகையில் அதே தொகையை அப்படியே ஏற்றி எழுதியவர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

இன்னொருவர் மேதை. பொருளாதாரம் படித்தவர். சலுகையை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையில் வாரா வாரம் எழுதுகிறவர், குழுவிலும் ஓர் உறுப்பினர். சிஸ்டர் அவரைப் பார்த்ததும் மரியாதையாகக் கும்பிட்டார். சலுகையால் பாதிக்கப்பட்டவர்கள் ஆவண நகல்களை அனுப்பினால் நியாயம் கேட்டு எழுதுகிறேன் என்று அவர் போன வருடம் பத்திரிகையில் அறிவித்திருந்தாராம். முதல் விண்ணப்பம் ஏதோ கையெழுத்துக் குறையால் திரும்பி வந்தபோது சிஸ்டரும் அனுப்பியிருக்கிறார். அச்சடித்த நன்றிக் கடிதம் ஒன்று வந்ததாம்.

மேதைக்கு சிஸ்டரை ஞாபகம் இல்லை. ஆனாலும் கையைக் குவித்தார். "உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அம்மா நான் போராடுகிறேன்" என்று, அச்சில் போடலாம் போன்ற தமிழில் சொல்லிவிட்டு நடந்தார்.

இந்த மாதிரி மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஆனால் திருடன் யார் என்று பந்தயம் கட்டச் சொன்னால் முதலாளி மீதுதான் கட்டுவேன். மேடத்திடம் அதைச் சொன்னேன். அவர் வண்டியில் ஏறினார்.

புதுக்குடியிருப்பு நகரத்தின் விளிம்பில் இருந்தது. ஒரே தெரு, பன்னிரண்டு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. கொடியில் ஒரு துணி இல்லை, வாசலில் ஒரு செருப்பு இல்லை. ஏழாம் எண் வீடு பூட்டியிருந்தது. சுவரேறிக் குதிக்கலாமா என்று நான் சட்டைக் கையை மடித்தேன்.

"எதுக்கு? சிஸ்டருடைய வீடு. சிஸ்டர் திறக்கச் சொன்னா திறக்கணும்" என்றார் மேடம்.

பூட்டுக்காரரை வரவழைத்தோம். அவர் நேர்மையான ஆள். வீடு உங்களுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார். சிஸ்டர் பையிலிருந்து அந்த நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினார். வரித்துறையின் முத்திரையோடு, 'ஏழாம் எண் வீட்டை வாங்கி, சலுகையும் பெற்று, அதில் குடியிருந்தும் வருவதால்' என்று அதிலே இருந்தது. பூட்டுக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, அரை நிமிடத்தில் திறந்துவிட்டார். அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பிரஜைக்கு உபயோகமாக வெளிவந்த ஒரே கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. சோபா, பூ ஜாடி, அலமாரி நிறையப் புத்தகம். தண்ணீர்க் குழாயைத் திருப்பினேன், காற்று வந்தது. சமையலறை அலமாரிக் கைப்பிடிகளில் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை. ஆறு மாதமாக ஒரு குடும்பம் இங்கே குடியிருக்கிறது என்று ஓர் அரசாங்கமே நம்பிக்கொண்டிருக்கிறது.

மேடம் படுக்கையறைக்குப் போய் டேப்பை இழுத்துக் கட்டிலை அளந்தார். நீளம் ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை கூட.

"படுத்துப் பாருங்க புரோக்கர்."

படுத்தேன். கணுக்காலுக்குக் கீழே நான் வெளியே இருந்தேன். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார், அன்று முதல் தடவையாக. சிரித்துக்கொண்டே திரும்பியவர், அறை வாசலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். நிலை இருந்தது. நிலையில் கீல்கள் இருந்தன. கதவு இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். இன்னொரு அறைக்கும் கதவு இல்லை. குளியலறைக்கும் இல்லை.

எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. என் பழைய தொழிலாயிற்றே. புது வீடுகளை விற்கும்போது ஒரு வீட்டை மட்டும் ஜோடித்து வாடிக்கையாளருக்குக் காட்டுவார்கள். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உள் கதவுகளைக் கழற்றி அப்புறப்படுத்திவிடுவார்கள். கட்டிலைக் குட்டையாகச் செய்து போடுவார்கள். பார்க்கிறவர்கள் யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. இந்த வீட்டை 'குடும்பம் வசிக்கும் வீடு' என்று காட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஜோடித்தவன் கை பழக்கதோஷத்தில் விற்பனைக்கு ஜோடிப்பதுபோலவே ஜோடித்துவிட்டது. குளியலறைக்குக் கதவில்லாமல் மாமியாரும் மருமகளும் ஆறு மாதம் குடித்தனம் நடத்தியதாக வரித்துறை கையெழுத்துப் போட்டிருக்கிறது.

"என் பேருல ஒரு வீட்டை வாங்கி" என்றார் சிஸ்டர் மெதுவாக, "அதுல ஒரு கதவுகூட வைக்கலையே."

அவர் நிலைச்சட்டத்தில் கை வைத்தபடி நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவரை இது எனக்கு ஒரு வழக்கு மட்டும்தான்.

கூடத்தில் மேடம் அலமாரியின் முன் நின்றிருந்தார். புத்தகங்கள் எல்லாம் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தாள் விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரியும்படி அடுக்கியிருந்தன. முதுகுகள் பல நிறத்தில் இருந்தால் கண்ணை உறுத்துமாம், அதுவும் ஜோடிப்பவர்களின் பழக்கம்தான். மேடம் ஒன்றை உருவிப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். அவர் வாய் ஓரம் லேசாகக் கோணியது. அவர் யாரையாவது முழுசாக வெறுக்க ஆரம்பித்தால் அப்படித்தான் கோணும்.

"எல்லாத்தையும் கட்டி வண்டியில வைங்க."

"திருட்டுப் பட்டம் வரும் மேடம்."

"வீடு சிஸ்டருது. புத்தகமும் சிஸ்டருதுதான்."

ஐந்தடிக் கட்டிலின் விரிப்பை உருவி மூட்டை கட்டினேன். புத்தகத்தின் பெயரைப் பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்கலாம். புத்தகம் என்றால் எடை பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

இந்தக் குட்டைக் கட்டிலைச் செய்கிறவர் நகரத்திலேயே ஒருவர்தான். தொழில் வட்டாரத்தில் அவருக்கு ஜோடனை என்று பெயர். அவருடைய கொட்டகைக்குள் நுழைந்ததும் மூவரும் அப்படியே நின்றுவிட்டோம். சுவர் நீளத்துக்குக் கதவுகள் சாத்திவைக்கப்பட்டிருந்தன, முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் சாக்கட்டியில் எழுதியிருந்தது. '3, படுக்கை.' '11, குளியல்.' சிஸ்டர் வரிசையாகத் தேடிக்கொண்டே போய், '7, படுக்கை' என்ற கதவின் முன் நின்றார். ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். நல்ல கெட்டிக் கதவு.

ஜோடனை எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வீட்டையும் மாதிரி வீடாகக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்துச் செய்தாராம். கட்டில், சோபா, பூ ஜாடி, புத்தகம் எல்லாம் ஒரே ஒரு செட்டுதான். வீடு வீடாகத் தூக்கிப்போய்ப் படம் எடுத்துவிட்டுக் கடைசியாக ஏழாம் வீட்டில் விட்டுவிட்டார்களாம். ஆக, பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே கட்டிலில் படுத்துப் பன்னிரண்டு சலுகை வாங்கியிருக்கின்றன.

வேலை கொடுத்தது யார் என்று கேட்டேன். ஒரு பெரிய மனிதர் என்றார். பேர் சொல்லவில்லை, காரைவிட்டு இறங்கவும் இல்லை, கண்ணாடியை மட்டும் இறக்கி அவருடைய ரசனையைப் பாராட்டினாராம். அலமாரி வெறிச்சென்று இருக்கிறது என்று இவர் சொன்னதும், மறுநாளே புத்தகக் கட்டுகளை அனுப்பிவைத்தாராம்.

"முதலாளியேதான்" என்றேன் நான்.

மேடம் என்னைப் பார்க்காமல், மூன்று மணிக்கு ஒரு தடவை வரித்துறை அலுவலகத்துக்கு வந்து போக முடியுமா என்று ஜோடனையைக் கேட்டார். அவருடைய வேலையைப் பாராட்டிய மனிதரை மறுபடி பார்க்கலாம் என்றும் சொன்னார். ஜோடனை உடனே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாராட்டுக்கு ஏங்காத மனிதன் எங்கே இருக்கிறான்?

குழு கூடிய அறையில் விசிறி ஓடியது, காற்று வரவில்லை. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. தூங்காமல் இருப்பதற்காகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி முதலில் பேசினார். கூரை, ஏழை, கண்ணீர் எல்லாம் வந்தது. பிறகு மேதை எழுந்தார்.

நன்றாகப் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சலுகை வாங்குகிறவனுக்குப் போவதில்லை, விற்கிறவன் விலையில் ஏற்றிக்கொள்கிறான் என்றார். வாடகைக்கு இருக்கிறவன் கட்டும் வரியிலிருந்து, வீடு கட்டி விற்கிறவனுக்குப் போகும் அன்பளிப்பு இது என்றார். இன்றே நிறுத்தி, கோப்புகளை மூடிவிட வேண்டும் என்று முடித்தார். ஏணி பிடித்தவன் என்ற முறையில் நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினேன். மணி மூன்று முப்பத்தைந்து.

பொதுமக்களில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார் தலைவர். மேடம் எழுந்தார்.

"சார், நீங்க இதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டிருக்கீங்களாமே. எங்க கிடைக்கும்?"

மேதையின் முகம் மலர்ந்தது. "மன்னிக்கணும். ஒரு பிரதிகூட இல்லை. கடைகளுக்கே நான் கொடுக்கவில்லை. முந்நூறும் என் கையால் கையெழுத்திட்டு, என் வீட்டிலிருந்தே நேராக வாசகர்களுக்குப் போனவை."

"வேற யார் மூலமாவும் போகலையா?"

"ஒன்றுகூடப் போகவில்லை. ஒவ்வொரு வாசகரையும் எனக்குத் தெரியும்."

மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கட்டில் விரிப்பு மூட்டையை மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். அறுபத்திரண்டு புத்தகங்கள் சரிந்தன. அறுபத்திரண்டும் ஒரே புத்தகம். 'வீட்டுச் சலுகை என்னும் பகல் கொள்ளை.' அட்டையில் மேதை கன்னத்தில் கை வைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நேரம் அதைச் சுமந்தவன் நான். முதலாளி மீது நான் கட்டிய பந்தயம் அந்த மேசையிலேயே செத்தது.

"புதுக்குடியிருப்பு ஏழாம் எண் வீட்டு அலமாரியில இருந்துச்சு. அந்த வீட்டுல குடியிருந்தது இதுங்க மட்டும்தான்" என்றார் மேடம். "பாதிக்கப்பட்டவங்க ஆவணம் அனுப்புங்கன்னு கேட்டு வாங்கி, அதுல பன்னிரண்டு பேர் பேருல இவரே வீடு வாங்கி, சலுகைப் பணத்தையும் எடுத்துக்கிட்டார். இன்னிக்குத் திட்டம் நின்னுட்டா, கோப்பை யாரும் திறக்க முடியாது."

விற்காத புத்தகங்களை எவனோ திருடி அங்கே வைத்திருக்கலாம் என்று மேதை ஆரம்பித்தார். விற்காத என்ற சொல் வாயிலிருந்து வந்தபின்தான் அது அவருக்கே உறைத்தது. பின் வரிசையிலிருந்து ஜோடனை எழுந்து கும்பிட்டார்.

"வணக்கம் சார். அன்னிக்குக் கார்ல பாத்தது. மிச்சம் ரெண்டு கட்டு இன்னும் நம்ம கொட்டகையிலதான் இருக்கு. எப்ப அனுப்பட்டும்?"

மேதை உட்கார்ந்தார். தலைவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தி மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு கோப்புகளையும் கொண்டுவரச் சொல்லி அதிகாரிக்கு ஆள் போனது. முதலாளிக்குத்தான் தலைகால் புரியவில்லை. எதிர்த்தவன் திருடன், ஆகவே திட்டம் தொடர வேண்டும் என்று துள்ளி எழுந்து பேசினார். தலைவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு சிஸ்டரைப் பார்த்தார். பாதிக்கப்பட்டது நீங்கள், நீங்களே சொல்லுங்கள், இது தொடரலாமா என்று கேட்டார்.

சிஸ்டர் எழுந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பத்தெட்டு காட்டியது.

"அவர் எழுதினது எல்லாம் நிஜம்தாங்க ஐயா. அவர் திருடினதும் நிஜம். சலுகைத் தொகையை இந்த முதலாளி முன்னாடியே விலையில ஏத்திட்டார். இப்ப நிறுத்தினா விலை இறங்காது, நான்தான் தெருவுல நிப்பேன். கவுன்ட்டரை நாலு மணிக்கு மூடிருவாங்க. எனக்கு முத்திரை போட்டுக் குடுத்துடுங்க. நாலு அஞ்சுக்கு நிறுத்திக்கங்க."

தலைவர் ஒரு தாளை இழுத்து, சிஸ்டருக்கு முத்திரை போடச் சொல்லி நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் மாடிப்படி ஏறி ஓடினோம். அதிகாரி பேனா மூடியைத் தேடினார், மைப்பெட்டியைத் தேடினார். மேடம் டேப்பை நீட்டி மேசையில் ஒரு தட்டுத் தட்டியதும் இரண்டும் கிடைத்துவிட்டன. மூன்று ஐம்பத்தேழுக்கு முத்திரை விழுந்தது.

திரும்பினால் முதலாளி நிற்கிறார். கையில் ஒப்பந்தப் பத்திரம், பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். சலுகை நேராக அவர் பைக்குத்தான் போகிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதில் அவருக்கும் கூச்சமில்லை. இந்த உலகத்தில் கூச்சப்படும் வேலையை எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

சிஸ்டர் பேனாவை வாங்கவில்லை.

"எத்தனை கதவுன்னு முதல்ல இதுல எழுதுங்க."

முதலாளி சிரித்தார். "கதவு இல்லாம வீடா சிஸ்டர்? அதையெல்லாம் பத்திரத்துல எழுதுற வழக்கமே இல்லையே."

"எழுதுங்க" என்றார் சிஸ்டர். "எனக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்துச்சு. அதுல கதவு இல்ல."